நாற்பது கிலோபைட்டுக்குக் குறைந்தவை

வட்டில் பாதி காலி. ஆனாலும்
இடமில்லை என்கிறது இயந்திரம்.
பொய் சொல்லவில்லை. இடம் இருக்கிறது,
பெயர் எழுதத்தான் வரி இல்லை.
பெரிய கோப்புகள்தான் வரும் என்று நினைத்து
யாரோ ஒரு புண்ணியவான்
பதிவேட்டை ஒல்லியாகத் தைத்துவிட்டான்.
அதில் மலைக்கும் ஒரு வரி,
மூடுபனிக்கும் ஒரு வரி.

புந்தா அரேனாஸ். இரவு பதினொன்றே கால்.
காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது
வட்டிக்காரனைப் போல.
மாத்தே ஆறிவிட்டது.
மேலே, பனியாற்றின் முகத்துக்கு எதிரே
இரும்புக் காலில் நிற்கும் கேமரா
நிமிடத்துக்கு ஒன்றாக, நாலு வருடமாக
அனுப்பிக்கொண்டே இருக்கிறது.
இந்த நிமிடத்துப் படம் வாசலில் நிற்கிறது.
இந்த நிமிடத்துப் படமும்.

ஒன்றுமில்லாததைச் சுருக்குவது சுலபம்.
வெடிப்பும் நீலமும் தெரிந்தால் அறுநூறு,
வெறும் வெண்மை முப்பது,
இரவு அதைவிடக் குறைவு.
ஆகவே நாற்பதுக்குக் கீழே எல்லாம் போகட்டும்
என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார் ரதோவான்.
சொல்வது அவர். தட்டுவது நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால்
ஒரே ஒரு மாதத்து மூடுபனியைக் கழிக்க உட்கார்ந்தேன்.
பெயரின் முதல் பாதியைத் தட்டி
அதை ஒட்டி நட்சத்திரக்குறி வைக்க வேண்டும்.
ஒட்டவில்லை. நடுவே ஓர் இடைவெளி,
ஓர் அரிசி அகலம்.
ஆர்எம் என்ற அந்த இரண்டெழுத்து
பாதிப் பெயரைத் தேடியது, காணோம் என்று முணுமுணுத்தது,
பிறகு தனியாக நின்ற நட்சத்திரத்தைப் பார்த்தது.
தனியாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்: எல்லாம்.
பனிச்சுவர் இடிந்து விழுந்த ஜூலை
முப்பத்தொரு நாளும் போயிற்று.
ஏரியில் ஒருமுறை விழுந்த சுவர்
என் மேஜையில் இன்னொருமுறை.

இங்கே குப்பைக்கூடை கிடையாது.
நிச்சயமாகத்தானா என்று கேட்க ஆள் கிடையாது.
காரியம் முடிந்தால் ஒரு வார்த்தை பேசாது.
அதனால் இப்போதெல்லாம்
நீக்கு என்பதற்கு முன் காட்டு என்கிறேன்.

காட்டுகிறது. ஒன்பது லட்சம் பெயர்கள்
திரையில் சரிகின்றன.
இங்கொன்று அங்கொன்றாகத் திறக்கிறேன்.
வெண்மை. வெண்மை. கறுப்பு. வெண்மை.
ஒரு கை.

கம்பளிக் கையுறை, பெருவிரல் நுனியில் கிழிசல்.
எவாரிஸ்தோ லென்ஸைத் துடைக்கிறான்.
இருபத்திரண்டு கிலோபைட் எவாரிஸ்தோ.
அதை வைத்து ஒரு சாணும் அளக்க முடியாது.
ஆனால் முந்தைய படத்தில் பனி மங்கல்,
அடுத்ததில் பளிச்சென்று இருக்கிறது.
அந்தக் கை இல்லாவிட்டால்
வெளுத்தது பனியா, கண்ணாடியா என்று
பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?
படத்தில் ஒன்றும் இல்லை.
ஆனால் அது ஒன்றுமில்லாதது அல்ல.

நள்ளிரவு தாண்டி அவனுக்குப் போன் போட்டேன்.
திட்டினான். அப்புறம் லாரியில் கிடந்த நோட்டை எடுத்துவந்து
மசகுக் கறைக்கு நடுவே தடவித் தடவி வாசித்தான்,
தேதி, மணி, நிமிடம்,
நாற்பத்தொரு தடவை.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வைத்தேன்.
இந்தக் கட்டளையில் அது ஆச்சரியம் அல்ல,
அதன் பெயரே அல்ல.
அல்ல என்று எழுதினால் பிழைத்தது.
எழுத மறந்தால் இல்லை.

நீக்கு என்பது வாக்கியத்தின் கடைசியில் வரவேண்டும்.
முன்னால் வந்தால்
நிபந்தனை எதையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும்,
பாதிப் பேச்சில் கத்தியோடு எழுந்தவனைப் போல.
மூன்று முறை வாசித்தேன்.
இடைவெளிகளை விரல் வைத்து எண்ணினேன்.
தட்டினேன்.

பேசவில்லை.
கெட்டிலைக் கழுவி வைத்தேன். இன்னும் பேசவில்லை.
பிறகு என் பெயரைச் சொல்லி, யாஸ்னா,
பக்கத்தில் அந்தச் சின்னக் கட்டம் துடித்தது.
கைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.

இரண்டு பத்துக்கு
முதல் படம் உள்ளே வந்தது.
இருட்டு. இருபத்தெட்டு கிலோபைட்.
அதற்கும் ஒரு வரி.